குடத்துக்குள் யார் போட்ட ஓலை?

'உங்களுக்காகவே தொகுக்கப்பட்டது' என்று ஒரு செயலி சொல்லும்போது நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, தொகுத்தது யார் என்பது. இரண்டாவது, எதை விட்டுவிட்டுத் தொகுத்தார்கள் என்பது. இந்த இரண்டையும் கேட்காமலேயே ஒரு தலைமுறை பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறது. படிக்கிற புத்தகத்தை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் நமக்கு அவ்வளவு பெருமை. புத்தகக் கண்காட்சியில் வாங்கியதை அட்டை தெரிய அடுக்கிப் படம் போடுகிறோம். யாரோ போட்ட சிறந்த நாவல்கள் பட்டியலில் ஒரு பேர் விட்டுப்போனால் மூன்று நாள் சண்டை போடுகிறோம். ஆனால் அதே ஆள் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் அடுத்து என்ன பாட்டு வரும் என்பது அவருக்கே தெரியாது. தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை.

எனக்கு இருக்கிறது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனக்குப் பிடித்த பாட்டுகளைத் தானே தேர்ந்து, வரிசைப்படுத்தி, எங்காவது எழுதி வைக்காத ஒருவருக்கு இசை ரசனை இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்கிற பழக்கம் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். ரசனை வேறு.

உடனே ஒருவர் டிசம்பர் மாதத்துப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். 2016இலிருந்து ஸ்பாட்டிஃபை ஆண்டுக் கடைசியில் 'ரேப்டு' என்று ஒன்று கொடுக்கிறது. இந்த வருஷம் நீங்கள் அதிகம் கேட்ட பாட்டு இது, அதிகம் கேட்ட பாடகர் இவர், இத்தனை ஆயிரம் நிமிஷம் கேட்டிருக்கிறீர்கள். அதை எல்லோரும் தன் ரசனைக்குக் கிடைத்த சான்றிதழ் மாதிரிப் பகிர்கிறார்கள். அது சான்றிதழ் இல்லை, மின்சார மீட்டர் ரீடிங். எத்தனை யூனிட் ஓடியது என்றுதான் அதற்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போது ஓடியது, தூக்கம் வராமல் ஓடவிட்டது, பக்கத்தில் இருந்த குழந்தை நூறு முறை கேட்டது எல்லாம் அதற்கு ஒரே கணக்கு.

அதிகம் கேட்ட பாட்டும் பிடித்த பாட்டும் ஒன்றல்ல. வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கத் தாங்காத பாட்டு ஒன்று உங்களுக்கு இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம், தப்பில்லை. இருக்கிறது என்றால், அந்தப் பாட்டு எந்த ஆண்டறிக்கையிலும் வரப்போவதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு மிக நெருக்கமான பாட்டு, உங்களைப் பற்றிய அறிக்கையில் இல்லை.

*

பட்டியல் என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டது என் சித்தப்பாவிடம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பெருநகர். பேரில்தான் நகரம். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் பாட்டுப் பதியவேண்டுமென்றால் காஞ்சிபுரம் பஸ் ஏறவேண்டும். அங்கே ஒரு ரெக்கார்டிங் சென்டர். கண்ணாடி அலமாரி, டபுள் டெக், படப் பேர் வாரியாகக் கையால் எழுதிய தடித்தடி நோட்டுகள். "இன்னா பாட்டு வோணுமோ எய்திக் குட்த்துட்டுப் போ நைனா, செவ்வாக்கெழம வந்து வாங்கிக்கோ" என்பார் கடைக்காரர். இன்றைய செயலிகள் எதுவும் கேட்காத கேள்வி அது. என்ன வேண்டும்?

சித்தப்பா அந்தப் பட்டியலை ஒரு வாரம் எழுதுவார். காரணம் உண்டு. வெற்றுக் கேசட் 60 நிமிஷம். பக்கத்துக்கு 30. ஒரு பாட்டு நாலரையிலிருந்து ஐந்து நிமிஷம் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு. ரெண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு. 90 நிமிஷக் கேசட்டும் உண்டு. ஆனால் அதே கூட்டுக்குள் அதிக நீளம் அடங்கவேண்டும் என்பதால் நாடா மெல்லிசாக இருக்கும், சீக்கிரம் சிக்கிக்கொள்ளும் என்று அவர் வாங்கமாட்டார். ஆக, மனசில் இருக்கிற இருநூறு பாட்டில் பன்னிரண்டு. பதின்மூன்றாவது பாட்டு வேண்டுமென்றால் ஒன்றை அடிக்கவேண்டும். எழுதுவார், அடிப்பார், மறுபடியும் எழுதுவார். பக்கத்தின் கடைசியில் ரெண்டு நிமிஷம் மிஞ்சினால் அதை என்ன செய்வது என்பதையும் அவரேதான் முடிவு செய்யவேண்டும். அவர் சொல்லாவிட்டால் கடைக்காரர் தனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பிவிடுவார், பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். அதைவிடக் கொடுமை உண்டா? அதனால் சின்னப் பாட்டாகத் தேடுவார்.

நான் இதை உழைப்பு என்று சொல்வேன். ஒன்றை எடுப்பதற்காக இன்னொன்றை விடுவதில்தான் ரசனை பிறக்கிறது. எல்லாமே கிடைக்கிற இடத்தில் நான் எதையும் விடவேண்டியதில்லை. எதையும் விடாதவனுக்கு எது முக்கியம் என்று எப்படித் தெரியும்? எந்தச் செயலியிலும் இதயப் பொத்தானை அமுக்கி அமுக்கிச் சேர்த்த இரண்டாயிரம் பாட்டு என்பது பட்டியல் இல்லை. அது கிடங்கு.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. சித்தப்பா வாங்கி வந்ததும் ஒருமுறை முழுதாகக் கேட்பார். வரிசை சரியாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் பல்லை உடைப்பார். அத்தோடு அந்தப் பட்டியல் முடிந்தது. திருத்தம் கிடையாது.

அந்தக் கேசட்டுகளின் பி சைடில் மூன்றாவது, நான்காவது பாட்டுகள் சித்தப்பாவுடையவை அல்ல. என் அத்தையுடையவை. அத்தை அந்தக் கடைப் படியை மிதித்தவர் இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் தெருப் பெண்கள் யாரும் போனதில்லை. பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆம்பளைகள் வேலை. "அந்தப் பாட்டு ரெண்டையும் சேத்துடு" என்பார் அத்தை. சுசீலா ஒன்று, ஜானகி ஒன்று. கல்யாணமாகிச் செய்யாறு பக்கம் போனபோது அத்தை ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு போனார். போன வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. வெகுநாள் கழித்துப் போனபோது பார்த்தேன், பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருந்தது. உள்ளே சித்தப்பா கையெழுத்தில் பன்னிரண்டு வரி. "எப்பனா எடுத்துப் படிப்பேன்டா" என்றார். கேட்பேன் என்று சொல்லவில்லை. படிப்பேன் என்றார்.

பன்னிரண்டில் இரண்டு என்பது சின்ன இடம்தான். தான் போக முடியாத கடைக்குத் தன் விருப்பம் போய்வந்ததற்கு எழுத்தில் இருக்கிற ஒரே சான்று அது. இதை எந்தச் செயலி பதிவு செய்யும்?

*

கேசட் காலத்துக்கு ஆரத்தி எடுக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கடைகள் செய்தது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றம். இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் எழுதியவருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை. பஸ் செலவும் கேசட் விலையும் பதிவுக் கூலியும் இல்லாதவர்களுக்குப் பட்டியலும் இல்லை. இன்று என் அத்தை மகள் யார் தயவும் இல்லாமல் தன் போனில் தனக்கு வேண்டியதைத் தேடிக் கேட்கிறாள். அந்தச் சுதந்திரத்தை நான் ஒருபோதும் கேசட்டுக்கு மாற்றாகக் கொடுக்கமாட்டேன். என் சண்டை கருவியோடு இல்லை. தேர்வு செய்கிற வேலையை அந்தக் கருவியிடமே ஒப்படைத்துவிட்டோமே, அதோடு.

இந்த வேலையை நம்மிடமிருந்து பிடுங்கப் பார்த்தவர்கள் முன்பும் உண்டு. 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அவருக்கு எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒலிக்காமல் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி இலங்கைக்குப் போய்விட்டார்கள். ஹிந்திக்காரர்களுக்கு பினாகா கீத்மாலா, நமக்கு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. கடைசியில் 1957இல் விவித பாரதியைத் தொடங்கி டெல்லிதான் இறங்கி வந்தது. பிறகு நம் ஊர்களில் எத்தனை பேர் அஞ்சலட்டையில் பாட்டின் பேரும் வீட்டார் பேரும் எழுதி நேயர் விருப்பத்துக்கு அனுப்பிவிட்டு ரேடியோ முன்னால் காத்துக் கிடந்தார்கள்!

கேஸ்கர் விஷயத்தில் ஒரு வசதி இருந்தது. எதிரி யார் என்று தெரியும். அவர் பாட்டை நிறுத்தினார், நிறுத்தியது எல்லோருக்கும் தெரிந்தது, அலைவரிசையை மாற்றினோம். இன்றைய செயலி எதையும் நிறுத்துவதில்லை. எல்லாம் இருக்கிறது என்கிறது. எது முன்னால் வரும், எது பின்னால் புதையும் என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்கிறது. தடை விதித்தால் கோபம் வரும். கண்ணில் படாமல் போனதற்கு யார் மேல் கோபப்படுவது?

எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். உங்களைப் போலவே கேட்கிற இன்னும் பல்லாயிரம் பேர் எதைக் கேட்டார்கள் என்று பார்த்து அதையே உங்களுக்கும் நீட்டுவது பரிந்துரையின் அடிப்படை. ஆக, உங்களுக்கு வருவது உங்கள் விருப்பம் அல்ல, உங்களைப் போன்றவர்களின் சராசரி. அடுத்தது 30 நொடி. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. நம் எண்பதுகளின் பாட்டுகளில் முன்னிசையே அரை நிமிஷத்தைத் தாண்டுவது எத்தனை! அதுவரை பொறுமை இல்லாமல் நீங்கள் தள்ளிவிட்டால் பாட்டு தொடங்கும் முன்பே தோற்றுப்போகிறது. அடுத்தது காசு. 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை 'டிஸ்கவரி மோட்' என்று ஒன்றை அறிவித்தது. ஒரு நிறுவனம் தன் பாட்டுக்குக் குறைந்த ராயல்டியை ஏற்றுக்கொண்டால், தானாக ஓடும் வரிசைகளில் அந்தப் பாட்டு அதிகமாகத் தலைகாட்ட வாய்ப்புக் கிடைக்கும். ரேடியோக்காரனுக்குக் காசு கொடுத்துப் பாட்டைப் போடச் சொன்னால் அதற்கு லஞ்சம் என்று பேர். இதற்குக் 'கண்டடைதல்' என்று பேர். பேர் வைக்கிறதுல நல்லா தேறிட்டாங்க.

2024இலிருந்து இன்னொன்று. முந்தைய 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது. பெரிய கம்பெனிக்கு இது ஒரு பொருட்டா? ஒரு கூத்துக் குழு தன் பாட்டை ஏற்றினால் அதற்குத்தான் அடி.

*

எங்கள் தாலுகா உத்திரமேரூர். பேச்சுப் போட்டிக்குப் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த ஊர்க் கல்வெட்டு தெரியும். பரிந்துரை இயந்திரத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சபை கூடியிருக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறதென்றே அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த பேர்தான் வாரியத்துக்கு. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாம் இப்படித்தான் அமைந்தன. நம் பாஷையில் ஷஃபிள்.

இதைச் சொல்லிவிட்டு 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஜனநாயகம்' என்று கைதட்டி முடித்துவிடுவோம். குடத்துக்குள் போகும் முன்பு நடந்ததைப் பேச மாட்டோம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. அந்த ஊர் நிலத்தை உழுதவன் பேர் ஓலையில் இல்லை. ஒரு பெண் பேர் இல்லை. கை விடுகிற பையன் எவ்வளவு வெள்ளந்தியாக இருந்து என்ன பயன்? குடத்துக்குள் இல்லாத பேர் அவன் கையில் எப்படி வரும்?

ஷஃபிள் பொத்தானை அமுக்கிவிட்டு 'எது வந்தாலும் சரி' என்று சாய்ந்துகொள்கிறவர்கள் இதைத்தான் யோசிக்கவேண்டும். எது வந்தாலும் சரி என்பது தாராள மனசு இல்லை. குடத்தை வேறு ஒருவர் நிரப்பிவிட்டார் என்று அர்த்தம்.

ஆனால் அந்தச் சபைக்காரர்களிடம் இரண்டு நல்ல பழக்கம் இருந்தது, இன்றைய கம்பெனிகளிடம் அந்த இரண்டும் இல்லை. ஒன்று, விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். யாரைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்பது கல்லில் இருக்கிறது. அதனால்தான் ஆயிரத்து நூறு வருஷம் கழித்து நான் அவர்களைத் திட்ட முடிகிறது. செயலியின் விதிகளை எந்தச் சுவரில் போய்ப் படிப்பது? இரண்டு, கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவர் பேரை மறுபடி குடத்தில் போடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். உங்கள் செயலி நேர் எதிர். நேற்று வந்தவனையே இன்றும் கூப்பிடும், நாளைக்கும் கூப்பிடும். கேட்டதால் வருகிறது, வருவதால் கேட்கிறோம். ஒரே நாலு பேர் ஊரை ஆளுகிற மாதிரி ஒரே நாற்பது பாட்டு நம் காதை ஆளுகிறது.

*

இனி குடத்துக்கு வெளியே நிற்பவை.

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்ச் செய்யாற்றுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாமிகள் வரும். சாமியோடு ஜனம், ஜனத்தோடு மைக் செட். திருவிழாவில் மைக் செட் போடுகிறவரை யாரும் கலைஞர் என்று சொல்லமாட்டார்கள். அவர் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். விடிகாலையில் சீர்காழியின் குரலில் பிள்ளையார். வெயில் ஏறினால் எல்.ஆர். ஈஸ்வரி. பத்து மணிக்கு மேல் ஜனம் சேர்ந்ததும் எம்.ஜி.ஆர். ஒன்று போட்டால் சிவாஜி ஒன்று போட்டாகவேண்டும், இல்லையென்றால் கம்பத்தடிக்கே ஆள் வந்துவிடும். சோறு போடும் நேரத்துக்கு என்ன, பெண்டுகள் பொங்கல் வைக்கிற நேரத்துக்கு என்ன என்று அவருக்குக் கணக்கு இருக்கிறது. எந்தத் தெருப் பக்கம் குழாயைத் திருப்புவது என்பதில் ஊர் அரசியல் மொத்தமும் இருக்கிறது. எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துப் பாட்டை மாற்றுகிறார் என்பதுதான் விஷயம். தப்பாகப் போட்டால் ஏச்சு வாங்குகிறார். பொறுப்பு என்பது அதுதான். தப்பான பாட்டைப் போட்டதற்காக எந்த அல்காரிதம் ஏச்சு வாங்கியிருக்கிறது?

அடுத்து கூத்து. எங்கள் பக்கத்துக் கட்டைக்கூத்து ராத்திரி தொடங்கி விடிய விடிய நடக்கும். முகவீணை, ஆர்மோனியம், மத்தளம். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக்கென்றே ஒரு சங்கம் 1990இலிருந்து இருக்கிறது. அந்த ராத்திரியை மூன்று நிமிஷத் துண்டாக வெட்டினால்தான் செயலிக்குள் போகும், வெட்டினால் அது கூத்தாக இருக்காது. ஆனால் கூத்து பார்த்த ஒவ்வொருவர் போனிலும் ஏதோ ஒரு பத்து நிமிஷம் பதிவாகி இருக்கும். தேதி மட்டுமே பேராக, யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத கோப்பாக.

என் போனில் அப்படி இன்னொன்று இருக்கிறது. எங்கள் ஆயா, தன் தங்கை செத்தபோது பாடிய ஒப்பாரி. நாலு நிமிஷம் சொச்சம். நடுவில் யாரோ இருமுகிறார்கள், நாய் குலைக்கிறது, ஒரு இடத்தில் ஆயா அழுகையை நிறுத்திவிட்டு "அந்தப் புள்ளைக்குக் காப்பி குடுத்தீங்களா" என்று கேட்கிறார், மறுபடி பாட்டுக்குள் போகிறார். இன்று ஆயா இல்லை. இந்தப் பதிவு எந்தக் கம்பெனியின் கிடங்கிலும் இல்லை. எவ்வளவு கெட்டிக்கார இயந்திரமும் இதை எனக்குப் பரிந்துரைக்காது. நான் போட்ட ஒரு பட்டியலில் சுசீலாவின் ஒரு பாட்டுக்கு அடுத்து இது வருகிறது. ஏன் அடுத்து வருகிறது என்று கேட்டால் என்னால் காரணம் சொல்ல முடியும். சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க உலகத்தில் ஒரே ஒருவனால்தான் முடியும் என்பது போதும்.

*

'சரி, செயலிக்குள்ளேயே நான் என் பட்டியலைப் போட்டு வைத்திருக்கிறேனே' என்பீர்கள். அது உங்களுடையது என்று யார் சொன்னது?

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. அந்த ஏப்ரலிலேயே சரிகமா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, சரிகமாவின் பாட்டுகள் அங்கிருந்து இறக்கப்பட்டன. சரிகமா என்றால் பழைய எச்.எம்.வி. நம் அப்பா அம்மாக்கள் கேட்ட பாட்டில் பெரும்பங்கு அவர்களிடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பி வந்தன. 2020 டிசம்பரோடு கூகுள் ப்ளே மியூசிக் மூடப்பட்டது. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து போயின. 2024 ஜனவரியோடு ரெஸ்ஸோ இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. ஐந்தாறு வருஷத்தில் இத்தனை. வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சில இடத்தில் வழி சொன்னார்கள். மாற்றிக்கொள்ளத் தெரிந்தவன், நேரம் இருந்தவன் மாற்றினான். மற்றவர்களின் பட்டியல்?

கடன் வாங்கிய அலமாரியில் அடுக்கிய புத்தகம் மாதிரி இது. அலமாரிக்காரன் எடுத்துக்கொண்டு போகும்போது உங்கள் வரிசையும் போய்விடும். என் அத்தையின் பீரோவில் கிடந்த பன்னிரண்டு வரி எந்தக் கம்பெனி மூடினாலும் அழியாது.

*

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். 'அல்காரிதம் இல்லையென்றால் எனக்குப் புதுப் பாட்டே தெரிந்திருக்காது.' உண்மைதான். நானும் அப்படிச் சில நல்ல பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். வழி சொல்ல அதை வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை ஓட்டக் கொடுக்காதீர்கள். அது கொண்டுவந்து கொட்டுவதில் பொறுக்கி எடுத்து உங்கள் தாளில் எழுதும் வேலை உங்களுடையது.

'யாருக்குப்பா நேரம் இருக்கு?' இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்தான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடுத்து என்ன பார்ப்பது என்று விரலால் தள்ளித் தள்ளி ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறவர். விடுங்கள்.

'இது பழசு பேசுற பூமர் புலம்பல்.' இல்லை. கேசட் போனபிறகும் இந்த வேலை நடந்தது. 700 எம்.பி. சிடியில் நூற்றைம்பது பாட்டு எரித்தோம். பிறகு செல்போன் கடையில் ரெண்டு ஜி.பி. மெமரி கார்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றினோம். கடைக் கம்ப்யூட்டரில் 'சோகம்', 'குத்து', 'அம்மன்', 'ராஜா ஹிட்ஸ்' என்று ஃபோல்டர்கள். அங்கேயே பாதி வேலை நம் கையை விட்டுப் போனது என்று இப்போது தெரிகிறது. ஒவ்வொரு பாட்டாக எழுதிக்கொடுத்த இடத்தில் "ஃபுல்லா போட்டுடுண்ணா" என்றோம். மனநிலை வாரியாகப் பாட்டைப் பிரிக்கும் இன்றைய செயலி வானத்திலிருந்து விழவில்லை. அந்த ஃபோல்டரின் பேரப்பிள்ளை அது.

இன்னொரு கூட்டத்தையும் சும்மா விடமுடியாது. 'நான் ராஜா மட்டும்தான்', 'ரஹ்மானுக்கு முன் எதுவும் இல்லை', 'எம்.எஸ்.வி.யோடு இசை முடிந்தது' என்பவர்கள். தங்களை இயந்திரத்துக்கு எதிரானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களும் தேர்வு செய்யவில்லை. 1976இல் ஒரு இடத்தில் கொடியை நட்டுவிட்டு அதற்குக் கீழே வருவதெல்லாம் என்னுடையது என்கிறார்கள். ஒரு இசையமைப்பாளரின் மொத்தத்தையும் ஏற்றுக்கொள்வது பக்தி, அவரிலும் எனக்கு எது வேண்டாம் என்று சொல்ல முடிவதுதான் ரசனை. பேரைப் பார்த்து ஓட்டுப் போடுவது ஊரில் நமக்குப் பழக்கம். பாட்டிலாவது அதை விடலாம்.

*

வெறும் வசவாக முடிக்க விருப்பமில்லை. செய்யவேண்டியது சின்ன வேலை.

60 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷம் கூடக் கூடாது. பன்னிரண்டோ பதின்மூன்றோ வரும். முதலில் தாளில் எழுதுங்கள். செயலியைத் திறக்காமல், ஞாபகத்திலிருந்து. ஞாபகத்தில் வராத பாட்டு அந்தப் பட்டியலுக்குச் சொந்தமில்லை. வரிசையை மூன்று முறையாவது மாற்றுவீர்கள், மாற்றுங்கள். எந்தக் கம்பெனியும் விற்காத ஒரு பதிவுக்கு இடம் வையுங்கள். உங்கள் ஆயாவோ, கல்லூரி விடுதி மொட்டைமாடியில் பாடிய நண்பனோ. உங்களுக்கே பிடிக்காத, ஆனால் உங்கள் வீட்டில் வேறு யாருக்கோ உயிரான பாட்டுக்கு இரண்டு இடம் விடுங்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள். "உனக்கு எந்தப் பாட்டு வேணும்" என்று எத்தனை அம்மாக்களை இதுவரை யாராவது கேட்டிருக்கிறார்கள்?

பிறகு அவற்றைக் கோப்பாகச் சேருங்கள். விலைக்குக் கிடைப்பதை விலை கொடுத்து வாங்குங்கள், கலைஞனுக்குப் போகவேண்டியது போகட்டும். பழைய சிடி கிடைத்தால் அதிலிருந்து மாற்றுங்கள். நீங்களே பதிந்ததற்கு ஒழுங்கான பேர் வையுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த நாள். தேதி மட்டும் பேராக இருக்கும் கோப்பு நீங்கள் இல்லாதபோது குப்பை. கடைசியாக, அந்தத் தாளை யாருக்காவது கையில் கொடுங்கள். இணைப்பு அனுப்பாதீர்கள். இணைப்பு ஒருநாள் செத்துப்போகும்.

கொடுத்த பிறகு அதைத் திருத்தாதீர்கள். அடுத்த வருஷம் ரசனை மாறியிருந்தால் வேறு தாளில் வேறு பட்டியல் போடலாம். இந்த வருஷத்து ஆள் இப்படி இருந்தான் என்பதற்கு இது இருக்கட்டும். செயலிகளில் பட்டியல் ஒருநாளும் முடிவதில்லை. கடைசிப் பாட்டுக்குப் பின் 'இதைப் போன்றவை' என்று தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். அந்த வசதியை முதலில் அணைத்து வையுங்கள். பன்னிரண்டாவது பாட்டு முடிந்ததும் பாட்டு நிற்கவேண்டும். நின்றபின் மறுபடி கேட்பதா, வேறு எடுப்பதா, சும்மா இருப்பதா என்று நீங்கள் முடிவு செய்யவேண்டும்.